நீரிழிவும் நார்ப்பொருளும்

பழைய மாணவர் இருவர் சந்தித்தால் முன்னாளில் ஆசிரியர்களைப் பற்றியும் துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியும் உரையாடுவர். இந்நாளில் ஐம்பது வயதைக் கடந்தோர் சந்திப்பின் அவ்வுரையாடல் "உமக்குச் சீனி எவ்வளவு நிற்கிறது?" என்ற வினாவிலேயே பெரும்பாலும் வந்து முடிகின்றது. இது நகைப்பிற்குரிய செய்தியன்று. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடைபெற்ற ஆய்வொன்று வயது வந்தோருள் நூற்றுக்குப் பதின்மர் அளவினர் நீரிழிவுடையோர் எனக் கண்டது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடந்த பிறிதோர் ஆய்வில் அத்தொகை நூற்றுக்கு 23 ஆயிற்று. நோய் எத்திசையிற் செல்கின்றது என்பதை உணர்த்த இவ்விரண்டு எண்களே போதும். கண்ணொளி இழந்தோரும், காலை இழந்தோரும், சிறுநீரகம் பழுதுற்றுக் கிழமைதோறும் குருதியைச் சுத்திகரிக்கச் செல்வோரும் நம் ஒவ்வொருவர் சுற்றத்திலும் உளர்.

நோய் வெளிப்பட்டதும் நம் வீடுகளில் நிகழ்வது யாது? வைத்தியர், "சோற்றைக் குறையுங்கள்" என்கின்றார். அன்றிரவே நோயாளிக்கெனத் தனியாக ஒரு நீத்துப்பெட்டி அடுப்பேறுகின்றது. அவருக்குக் குரக்கன் பிட்டு, அல்லது ஆட்டா மா றொட்டி. மற்றையோருக்கு வழக்கமான உணவு. சில கிழமைகள் இவ்வொழுங்கு செவ்வனே நடக்கும். பின்னர், இரண்டு அடுப்பிற்கும் ஈடுகொடுக்கும் இல்லத்தலைவி களைத்துப் போகின்றாள். உண்பவரோ பக்கத்துத் தட்டைப் பார்த்துப் பெருமூச்செறிகின்றார். ஆறாம் மாதம் அவர் பழைய சட்டிக்கே திரும்பிவிடுகின்றார். மாத்திரையின் அளவு மட்டும் ஏறிச் செல்கின்றது.

நோயாளிக்கெனத் தனிச் சட்டி வைக்கும் இவ்வழக்கத்தைக் கைவிட்டு, நார்ப்பொருள் மிகுந்த உணவை வீடு முழுவதற்கும் உரிய உணவாக்குதல் வேண்டும் என்பதே என் கருத்து. இஃது இரக்கம் பற்றிக் கூறுவதன்று. நார்ப்பொருள் தொழிற்படும் முறையிலும், அதன் பயனின் அளவிலுமே இதற்கு நியாயம் உண்டு.

தாவர உணவில், நம் சமிபாட்டு நொதியங்களாற் கரைக்கப்படாது பெருங்குடல் வரை செல்லும் பகுதியே நார்ப்பொருள் எனப்படுவது. நார்ச்சத்து என்று வழங்குவோரும் உளர். ஆனாற் 'சத்து' என்ற பெயரே ஒரு மயக்கத்தைத் தருகின்றது. விற்றமினைப்போல இதுவும் உடலுட் புகுந்து ஏதோ செய்வதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் இதன் பணி பெரும்பாலும் ஒரு காவற்காரனின் பணி. வெந்தயத்தை நீரில் ஊறவிட்டால் உண்டாகும் வழுவழுப்பையும், வெண்டிக்காயை அரியும்போது விரலில் ஒட்டும் பசையையும் யாவரும் அறிவர். நீரிற் கரையும் நார் இத்தகையது. இது குடலினுட் கூழ்போலாகி, இரைப்பை வெறுமையாவதைத் தாமதிக்கச் செய்கின்றது. மாப்பொருளிலிருந்து பிறக்கும் குளுக்கோசு குடற்சுவரை அடைவதையும் மந்தப்படுத்துகின்றது. ஆகவே உணவின்பின் குருதியிற் சர்க்கரை ஒரேயடியாக ஏறாது, படிப்படியாக ஏறுகின்றது. போதிய இன்சுலினைச் சுரக்க இயலாது தளர்ந்த சதையிக்கு இவ்வவகாசம் பேருதவி.

கரையாத நாரின் பணி வேறு. பயறு, கடலை போன்றவற்றின் ஒவ்வொரு கலமும் ஒரு சிறு பெட்டகம். மாப்பொருள் அதன் உள்ளே பூட்டப்பட்டுக் கிடக்கின்றது, கலச்சுவரே பூட்டு. முழுப் பயற்றை அவித்த பின்பும் அச்சுவர்களிற் பல உடையாது நிற்றலின், நொதியங்கள் உள்ளே புக நேரஞ் செல்கின்றது. அதே பயற்றை வறுத்து நுண்ணிய மாவாக இடித்துவிடின் நாரின் நிறை ஒரு கிறாமேனுங் குறையாது. ஆனாற் பெட்டகம் உடைந்துவிடும். நாரின் அளவை மட்டும் எண்ணுவோர் மறந்துவிடும் செய்தி இது. இறுதியாகப் பெருங்குடலை அடையும் நாரிற் பெரும்பகுதியை அங்கு வாழும் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்து, அசற்றிக்கமிலம் முதலிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. இவை பசியடங்கலுக்கும் இன்சுலினின் தொழிலுக்கும் துணைநிற்பதாக ஆய்வாளர் கருதுவர்.

சக்கை என்று ஒதுக்கப்பட்ட இப்பொருளை மருத்துவ உலகம் மதிக்கத் தொடங்கியது அண்மைக் காலத்திலேதான். மதுமேகம் உடையோர் வாற்கோதுமையை முதன்மை உணவாகக் கொள்ளவேண்டுமெனச் சரகசங்கிதை கூறியிருப்பினும், அது ஏன் என்று ஆராய்ந்தவர் இலர். முப்பதாண்டளவு கிழக்காபிரிக்காவிற் பணிபுரிந்த ஆங்கிலேய வைத்தியர் ஹியூ திறவெல் என்பவர், அங்குள்ள கிராம மக்களிடையே நீரிழிவு அரிதாயிருந்ததைக் கண்டு வியந்தார். (தாயகந் திரும்பிய பின் அவர் பாதிரியாராகவும் பணியாற்றினார்.) உகண்டாவிற் சத்திரசிகிச்சை நிபுணராயிருந்த டெனிஸ் பேர்க்கிற் என்பவருடன் சேர்ந்து 1975இல் அவர் வெளியிட்ட நூலே, தீட்டித் தூய்மையாக்கிய மாப்பொருள் உணவுகளுக்கும் பல நோய்களுக்கும் உள்ள தொடர்பை உலகெங்கும் பேசவைத்தது. அவர்களுக்கு முன்னரே, கிளீவ் என்னும் கடற்படை வைத்தியரும், தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் வைத்தியம் செய்த காம்பெல் என்பவரும் 1966இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தனர். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் வழித்தோன்றல்களிடையே நீரிழிவு மலிந்திருந்ததைக் காம்பெல் கண்டு எழுதினார். அம்மக்களிற் பெருந்தொகையினர் தமிழர். கிளீவும் காம்பெலும் சீனியையே முதற் குற்றவாளியாக்கினர். திறவெல், இழந்த நாரையே சுட்டினார். இரண்டும் ஒரே ஆலையிலிருந்து வருவன ஆதலின் இவ்வழக்கில் இரு தரப்பினரும் ஓரளவு வென்றனர் எனலாம்.

திறவெல் காட்டிய சான்றுகளுள் ஒன்று நம் வரலாற்றோடும் தொடர்புடையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 முதல் 1953 வரை, இங்கிலாந்தில் தவிட்டை முற்றாக நீக்காத 'தேசிய மா'வே பாணுக்கு வழங்கப்பட்டது. அக்காலத்தில் நீரிழிவால் இறப்போர் வீதமும் அங்குக் குறைந்தது. சீனியும் கொழுப்பும் அப்போது பங்கீட்டிலிருந்தன. ஆதலின் பெருமை முழுவதையும் தவிட்டிற்கே சூட்டுதல் நேர்மையாகாது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க. அங்கே போர் மக்களுக்குத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்தது. இங்கோ அதே போர், அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்திற் கோதுமை மாவைப் பங்கீட்டோடு நம் அடுக்களைக்குள் கொண்டுவந்து வைத்தது. போர் முடிந்தும் அது வெளியேறவில்லை.

கருத்து நிற்க, சோதனைக்கு வருவோம். 1976இல் டேவிட் ஜென்கின்ஸ் என்பவரும் அவருடன் உழைத்தோரும், கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசினையும் பழங்களிலுள்ள பெத்தினையும் உணவோடு சேர்த்துக் கொடுத்து, நீரிழிவாளரின் குருதிச் சர்க்கரை உணவின்பின் முன்போல ஏறாமையை நிறுவினர். பின்னர் ஜென்கின்ஸ் கனடாவின் ரொறன்ரோ நகரில் அமர்ந்து, 1981இல் உணவுகளை அவை சர்க்கரையை ஏற்றும் வேகத்தால் வரிசைப்படுத்தும் முறையை வெளியிட்டார். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் டலஸ் நகரத்து ஆய்வாளர் வெளியிட்ட சோதனை இன்னும் தெளிவானது. நோயாளர் 13 பேர். ஆறு கிழமை நாளொன்றுக்கு 24 கிறாம் நார், ஆறு கிழமை 50 கிறாம் நார். தூளோ மருந்தோ இல்லை. தோடம்பழம், பப்பாசிப்பழம், வெண்டிக்காய் போன்ற சாதாரண உணவுகளே. நார் மிகுந்த காலத்தில் உணவிற்கு முந்திய சர்க்கரை சராசரி டெசிலீற்றருக்கு 13 மில்லிகிறாம் குறைந்தது. கொலஸ்திரோலுங் குறைந்தது.

2020இல் நியூசீலாந்து ஆய்வாளர், இத்தகைய 42 சோதனைகளை ஒருங்கு சேர்த்து நோக்கினர். மூன்று மாதச் சர்க்கரையின் போக்கைக் காட்டும் 'எச்பிஏவன்சி' என்ற பரிசோதனையில் நாரினாற் கிடைத்த குறைவு ஏறத்தாழ 0.2 வீதம் எனக் கண்டனர். வாசகர் இவ்வெண்ணைக் கண்டு ஏமாற்றமடையலாம். வழக்கமாகக் கொடுக்கப்படும் மாத்திரையொன்று இதனினும் பன்மடங்கு குறைக்கும். நீரிழிவை நாரே தீர்க்கும் என்று பறைசாற்றுவோர் இவ்வெண்ணை ஒருபோதும் சொல்லார். ஆனால் அதே ஆய்வு வேறொரு கணக்கையுந் தந்தது. நீரிழிவுடைய 8,300 பேரைச் சராசரி 8.8 ஆண்டு தொடர்ந்து நோக்கியதில், நாளொன்றுக்கு 19 கிறாம் நார் உண்டோரைக் காட்டிலும் 35 கிறாம் உண்டோருள் ஆயிரத்துக்குப் பதினான்கு இறப்புக் குறைவாயிருந்தது. நார் மிக உண்போர் பிற வகையிலும் ஒழுங்குடையவராயிருத்தல் கூடும். அதனைக் கழித்தே மதிப்பிடல் வேண்டும். கழித்த பின்னும் எஞ்சுவது சிறிதன்று.

இவ்விரு கணக்கையும் சேர்த்துப் பார்க்கும்போதே என் கருத்தின் நியாயம் விளங்கும். நாளாந்தப் பயன் சிறியது. ஆண்டுகள் கூடக்கூடப் பெருகுவது. ஆறு மாதத்திற் கைவிடும் எவ்வுணவு ஒழுங்கும் இப்பயனைத் தராது. இருபதாண்டு, முப்பதாண்டு தொடர்ந்து உண்ணக்கூடியது யாது? வீட்டாரோடு ஒரு தட்டில் ஒரு குழம்பில் உண்ணும் உணவு ஒன்றே. மேலும், பெற்றோர் நீரிழிவாளராயின் பிள்ளைகளுக்கும் அந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. தந்தைக்குப் பயறும் மகனுக்குப் பாணும் பரிமாறும் வீடு, மகனைத் தந்தையின் வழியிலேயே அனுப்பி வைக்கின்றது.

இனிச் சோற்றிற்கும் மாவிற்கும் உள்ள பிணக்கைப் பார்ப்போம். சோறே பகையென்றும், பிட்டும் றொட்டியும் இடியப்பமும் நட்பென்றும் நம்மவர் கொண்டுவிட்டனர். வெண்ணிறக் கோதுமை மாவின் நார் நூறு கிறாமிற்கு மூன்று கிறாமளவே; தீட்டிய அரிசியினதும் அவ்வளவே. ஒன்றை விட்டு மற்றொன்றிற்குத் தாவுவதால் வந்த இலாபம் யாதோ! குரக்கனில் நார் பதினொரு கிறாமளவு உண்டு. அது நல்ல தானியமே. ஆயினும் அதை மிக நுண்ணிய மாவாக்கிக் கூழாகக் காய்ச்சிக் குடிப்பது பெட்டகத்தை உடைத்து உண்பதற்கே ஒப்பாகும். 2020இல் நியூசீலாந்தில் நீரிழிவாளர் 31 பேருக்கு ஒரே முழுத்தானியங்களை இரு கிழமை நுண்ணிய மாவாகவும் இரு கிழமை உடையாத வடிவிலும் கொடுத்துப் பார்த்தபோது, உடையாததை உண்ட காலத்தில் உணவின்பின் சர்க்கரை குறைவாகவே ஏறியது. கையாற் குத்திச் சுளகிற் புடைத்த கப்பியும் குறுணியும் நம் முன்னோர் வறுமைக்கு அடையாளம் என்று நாம் எண்ணியிருந்தோம்.

சிவப்பரிசியைப் பற்றியும் ஒரு சொல். மொட்டைக்கறுப்பனும் ஆட்டக்காரியும் சுவையுடையன, விரும்பி உண்க. ஆயின் சிவப்பு நிறத்தையே மருந்தென நம்பி இரு மடங்கு உண்பது பேதைமை. ஐதராபாத்திலுள்ள தேசிய போசணை நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையின்படி தீட்டாத அரிசியிலும் நார் நூறு கிறாமிற்கு நாலரைக் கிறாமைத் தாண்டவில்லை. ஆலைகளில் நன்றாகத் தீட்டிச் சிவப்புக் கோடு மட்டும் எஞ்சிய அரிசியில் அதுவும் இராது. முழுப் பயற்றிலோ 17 கிறாம். முருங்கையிலையிற் பச்சையாக நிறுத்தால் 8 கிறாம். கொய்யாப்பழத்திலும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே தட்டில் அரிசியின் நிறத்தை மாற்றுவதினும், அரிசியின் பங்கைச் சுருக்கி அவ்விடத்திற் பயற்றையும் இலையையும் வைப்பதே பெரும்பயன் தருவது.

கணக்கிட்டுப் பார்க்க விரும்புவோர்க்கு: நாள் முழுவதற்கும் தீட்டாத அரிசி 150 கிறாம், முழுப் பயறு 50 கிறாம், பருப்பு 30 கிறாம், ஒரு கீரை வறை, இரண்டு மரக்கறி, ஒரு கொய்யாப்பழம். இவற்றால் நார் 30 கிறாமிற்கு மேல் வந்துவிடும். உலகச் சுகாதார தாபனம் 2023இல் வயது வந்தோருக்கு விதித்த குறைந்த அளவு 25 கிறாம். இதில் நம் பாட்டிமார் சமைக்காத பண்டம் ஏதேனும் உண்டோ? முருங்கையிலை வறை, வாழைப்பூ வறை, வல்லாரைச் சம்பல், பயற்றங்காய்க் கறி, கடலைக் கறி: யாவும் நம் சமையலில் உள்ளனவே. குழம்பிற்கும் சொதிக்கும் பின்னால் ஒரு கரண்டியளவாகச் சுருங்கிப் போன அவற்றைத் தட்டின் பாதியாக்குதலே வேண்டுவது. புழுக்கொடியலைப் பற்றி வினவுவோரும் உளர். அதன் நார் பல்லிடுக்கிற் சிக்குகின்றது என்பதனால் அதிலுள்ள மாப்பொருள் இல்லையென்றாகிவிடாது, அளவோடு உண்க.

பாவற்காய்ச் சாறு, வெந்தயத் தூள், மேல்நாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் நார்த் தூள் ஆகியவை இப்போது பல வீடுகளில் மாத்திரைப் பெட்டியின் அருகே இடம்பிடித்துள்ளன. ஊறவைத்த வெந்தயத்திற் பயனில்லையென்று கூறேன். ஆனால் காலையில் ஒரு கரண்டி வெந்தயத்தை விழுங்கிவிட்டு, அந்தத் துணிவில் மூன்று துண்டு பாணும் பழப்பாகும் உண்பவர் தம்மைத் தாமே ஏமாற்றுகின்றார். பாவற்காயைச் சாறாக்கி வடித்துச் சக்கையை எறிவதோ இக்கட்டுரையின் பொருளுக்கே நேர்மாறானது.

பயறும் கடலையும் விலையேறிவிட்டன என்பர். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எப்பண்டந்தான் ஏறவில்லை? ஆயினும் பயறும் உழுந்தும் கௌபியும் நம் வன்னி மண்ணில் விளைவன. முருங்கை வேலியில் நிற்பது. உண்மையான தடை விலையன்று, வேலை. கீரை ஆய்வதற்கும் வாழைப்பூ நறுக்குவதற்கும் நேரம் வேண்டும். அந்நேரத்தை இதுகாறும் பெண்கள் மட்டுமே கொடுத்து வந்தனர். இரண்டு சட்டியை ஒன்றாக்கினால் அவர்தம் வேலை ஒருபுறங் குறையும். எஞ்சியதில், ஓய்வூதியம் பெற்று வீட்டிலிருக்கும் பழைய மாணவர், சாய்மனைக் கதிரையில் இருந்து பத்திரிகை படித்தபடியே ஒரு பிடி முருங்கையிலையை உருவிக் கொடுக்கலாகாதா? நம் கல்லூரி ஆடவர்க்குக் கற்பிக்காது விட்ட பாடங்களுள் இஃதொன்று.

எச்சரிக்கையாகச் சில கூறல் வேண்டும். நாரை ஒரே நாளிற் பெருக்கினால் வயிறு பொருமும். கிழமைக்குச் சிறிதாகக் கூட்டி, நீரையும் மிகப் பருகுக. இன்சுலின் ஏற்றுவோரும், சர்க்கரையை விரைந்து குறைக்கும் மாத்திரை உண்போரும் உணவை மாற்றும்போது சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைதல் கூடும். அடிக்கடி பரிசோதித்து வைத்தியரிடம் கூறி மருந்தின் அளவைச் சரிசெய்க. தாமாகவே மருந்தை நிறுத்துதல் கூடவே கூடாது. சிறுநீரகம் பழுதுற்றோருக்குக் கீரையிலும் பயற்றிலுமுள்ள பொற்றாசியம் தீங்காகலாம்; அவர்கள் வைத்தியரின் சொல்லையே கேட்க. கந்தசஷ்டி முதலிய விரதங்களை அனுட்டிப்போர், பகல் முழுதும் பட்டினி கிடந்து மாலையிற் சர்க்கரைப் பொங்கலோடு விரதத்தை முடிக்கும் வழக்கத்தை விட்டு, அவித்த கடலையோடு முடிப்பாராயின் முருகன் வெகுளான்.

இறுதியாக நம் கல்லூரியைப் பற்றியது. விழா ஆண்டென்றால் வளைவும் மண்டபமும் சிலையும் எழுப்பப் பணந் திரட்டுவது வழக்கம். அவற்றை வேண்டாமென்று கூறவில்லை. ஆனால் விடுதியின் அடுக்களையை ஒரு முறை நோக்குக. வெள்ளைச் சோறு, நீர்த்த பருப்பு, ஒரு கறி. காலையிற் பாணும் சம்பலும். சிற்றுண்டிச்சாலையிற் பணிசும் றோல்சும் இனிப்பு நீரும். வாணி விழாவன்று மாத்திரம் மாணவர் கையில் ஒரு பிடி கடலை வந்து சேர்கின்றது. சிறுவயதிலேயே இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் மாணவர் எக்கல்லூரியிலும் ஓரிருவர் இருப்பர். நார் அவர்களுக்கு இன்சுலினின் இடத்தை எவ்வகையாலும் ஈடுசெய்யாது. எனினும் எல்லோரும் உண்பதையே தாமும் உண்ணக்கூடிய ஒரு பந்தி அவர்களுக்குத் தனிமையைப் போக்கும்.

ஆதலின் பழைய மாணவர் சங்கம், விழா நிதியில் ஒரு பகுதியை முதலீடாக வைத்து, அதன் வட்டியால் விடுதியில் நாள்தோறும் ஒரு வேளை முழுப் பயறோ கடலையோ கௌபியோ, ஒரு வேளை கீரை வறையும் வழங்க வழிசெய்தல் வேண்டும். சிற்றுண்டிச்சாலைக் குத்தகையிலும், பணிசு விற்குமிடத்தில் அவித்த கடலையும் பழமும் விற்றல் வேண்டும் என்ற ஒரு விதியைச் சேர்க்கலாம். சங்கத்தின் ஆண்டு இராப்போசனத்திற்கும் அவ்விதியே பொருந்தும். அங்கு நீரிழிவாளருக்கெனத் தனி மேசை போடும் வழக்கமும் ஒழிக. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக முன்மொழிய யாரேனும் எழுவாராயின், வழிமொழிய யான் ஆயத்தமாயிருக்கின்றேன்.